வைப்புத் தீவும் வட்டக் கணக்கும்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய இனம் நம் இனம். ஆயினும் ஆண்டு விழா மலர்களைப் புரட்டிப் பார்த்தால், எழுத்தைப் பற்றிய கட்டுரைகள் பலவும் எண்ணைப் பற்றியவை மிகச் சிலவுமே காணப்படும். அக்குறையைச் சிறிதேனும் நீக்கும் ஆசையால் ஓர் எண்ணின் வரலாற்றை எழுத முற்படுகின்றேன். யான் கணிதப் புலவன் அல்லேன். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வேக் கணக்கேடுகளோடு இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் காலந்தள்ளி வரும் எழுத்தன். பிழை காணின் அறிந்தோர் பொறுத்தருளித் திருத்துக.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. சென்ற ஆண்டு விழா மேடையிலே இளைஞர் ஒருவர், "வட்டத்தின் கணக்கை முற்றக் கண்டு முடித்தவர் நம் நாட்டவரே! உலகில் வேறெவரும் அருகிற்கூட வரவில்லை!" என்று முழங்கினார். கூடம் அதிரக் கைதட்டினோம், யானும் தட்டினேன். வீடு திரும்பும் வழியில், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள், "அவர் சொன்னது உண்மையா, அப்பா?" என்று வினவினாள். என்னால் விடை கூற இயலவில்லை. கைதட்டிய பிறகு உண்மையைத் தேடுவது, ரசீது கொடுத்த பிறகு பணத்தை எண்ணுவது போன்றதன்றோ? அவளுக்கு யான் பட்ட கடனே இக்கட்டுரை.

கடல் வைத்த நிலம்

நாம் குடியிருக்கும் இவ்வைப்பின் தீவிலிருந்தே வரலாற்றைத் தொடங்குவோம். கி.பி. 1341-ஆம் ஆண்டில் பெரியாற்றிலே பெருவெள்ளம் ஒன்று பெருக்கெடுத்தது என்றும், சங்க நூல்கள் புகழும் முசிறியின் வழிவந்த கொடுங்கல்லூர்த் துறைமுகம் அதனால் மணல் மூடித் தூர்ந்தது என்றும், தெற்கே கொச்சியில் புதிய வாய் திறந்தது என்றும், ஆறும் கடலும் கொணர்ந்து குவித்த மண்ணே இத்தீவாயிற்று என்றும் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகின்றது. அவ்வாண்டையே முதலாகக் கொண்டு 'புதுவைப்பு' என்னும் ஆண்டுக் கணக்கு ஒன்றும் இப்பகுதியில் வழங்கியது. தீவின் தென்கோடியில் உள்ள புதுவைப்பு என்னும் ஊர்ப்பெயரிலே அச்சொல் இன்றும் வாழ்கின்றது.

'வைப்பு' என்னும் சொல்லுக்குத் தமிழர் எவரும் அகராதி புரட்ட வேண்டுவதில்லை. வைக்கப்பட்டது வைப்பு, சேமித்தது வைப்பு. வருங்கால வைப்பு நிதி என்று மாதந்தோறும் நம் ஊதியத்திற் பிடிக்கின்றார்களே, அதே வைப்புத்தான். கடல் நமக்காக வைத்த முதலீடு இந்நிலம் என்க.

இத்தீவு தோன்றியதாகக் கூறப்படும் அதே காலத்தில், ஏறத்தாழ 1340-ஆம் ஆண்டளவில், இங்கிருந்து வெகு தொலைவில்லாத ஓர் ஊரில் ஒரு குழந்தை பிறந்தது. மாதவர் என்பது அவர் பெயர். சங்கமகிராமம் என்பது அவர் ஊர். 1425 வரை அவர் வாழ்ந்தார் என ஆராய்ச்சியாளர் மதிப்பிடுகின்றனர். ஆகவே தீவும் கணிதரும் ஏறக்குறைய ஒரே வயதினர்.

சங்கமமும் கூடலும்

சங்கமகிராமம் என்பது இன்றைய இரிஞ்ஞாலக்குடாவே என்று பலரும் கருதுவர். அங்குள்ள புகழ்பெற்ற கோயில் கூடல்மாணிக்கம் ஆகும். சங்கமம் என்றாலும் கூடல் என்றாலும் பொருள் ஒன்றே. மதுரைக்கும் கூடல் என்று பெயருண்டு. நாம் கூடியிருக்கும் இவ்வமைப்பிற்கும் சங்கம் என்றே பெயர். எர்ணாகுளத்திலிருந்து திருச்சூர் செல்லும் ரயிலில் சாலக்குடியைக் கடந்ததும் வருவது இரிஞ்ஞாலக்குடா நிலையம். அந்நிலையம் உண்மையில் நகரத்தில் இல்லை. சில கிலோமீட்டர் தள்ளிக் கல்லேற்றுங்கரை என்னும் ஊரில் இருக்கின்றது. தம் இல்லம் மகிழமரம் நிற்கும் இடத்தது என்னும் பொருள்பட மாதவர் தம் நூலொன்றில் குறித்துள்ளார். மகிழமரத்திற்கு மலையாளத்தில் இரஞ்ஞி என்று பெயர். அக்குறிப்பைக் கொண்டு, கல்லேற்றுங்கரையில் உள்ள இரிஞ்ஞாடப்பிள்ளி மனையே அவர் பிறந்த இல்லம் என்று அறிஞர் சிலர் கூறுவர். எத்தனை முறை அந்நிலையத்தைக் கடந்து ஊருக்குச் சென்றிருக்கின்றோம்! சன்னல் வழியே தேநீர் வாங்கினோமேயன்றி, மாதவரை நினைத்தோமில்லை.

மாதவரின் வட்டக் கணக்கு நூல்கள் நமக்குக் கிடைத்தில. அவர் வழிவந்த மாணாக்கர் பரம்பரையே அவற்றைக் காத்துத் தந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் கிரகணங்களை நோக்கிக் குறித்த பரமேசுவரர், 1500-ஐ ஒட்டித் தந்திரசங்கிரகம் இயற்றிய நீலகண்ட சோமயாஜி, மலையாள உரைநடையிலே நிறுவல்களோடு யுக்திபாஷை எழுதிய ஜ்யேஷ்டதேவர், உரையாசிரியராகிய சங்கர வாரியர் ஆகியோர் அப்பரம்பரையினர்.

சொல்லில் மறைந்த எண்

இனி எண்ணுக்கு வருவோம். ஒரு வட்டத்தின் விட்டம் 90,000 கோடி அளவாயின், அதன் சுற்றளவு எவ்வளவு? மாதவர் கூறிய விடை இது: 28,27,43,33,88,233. அஃதாவது, இரண்டு லட்சத்து எண்பத்திரண்டாயிரத்து எழுநூற்று நாற்பத்து மூன்று கோடியே முப்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து இருநூற்று முப்பத்து மூன்று.

பதின்மூன்று இலக்கங்கொண்ட இவ்வெண்ணை ஏட்டில் இலக்கமாகப் பொறித்தால், படியெடுப்போர் கைதவறி ஒன்றை மாற்றிவிடக்கூடும். ஆகவே அதனைச் செய்யுளிலே சொற்களாக வைத்தனர். எண்ணைச் சொல்லில் வைக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. 72 மேளகர்த்தா ராகங்களில் சங்கராபரணத்திற்குத் 'தீர' என்றும், கல்யாணிக்கு 'மேச' என்றும் முன்னொட்டுச் சேர்த்திருப்பது 29, 65 என்னும் வரிசை எண்களை எழுத்துகளால் உணர்த்துதற்கே. மாதவர் கையாண்டது பொருள்களின் தொகையால் எண்ணை உணர்த்தும் முறை. தேவர் என்றால் 33, கண் என்றால் 2, திசை யானை 8, நாகம் 8, தீ 3, பின்னர் மூன்று என்னும் எண்ணே, குணம் 3, வேதம் 4, விண்மீன் 27, மீண்டும் யானை 8, இறுதியில் கை 2. முதலிற் சொன்னது கடைசி இடத்தில் வரும்; எண்கள் வலமிருந்து இடமாக நடக்கும் என்பது விதி. பென்சிலை எடுத்து, 'கை'யிலிருந்து பின்னோக்கி எழுதிப் பாருங்கள். அந்த 28,27,43,33,88,233 அப்படியே வந்து நிற்கும். ஐந்நூறு அறுநூறு ஆண்டுகள் ஏடுவிட்டு ஏடு மாறியும் அவ்வெண் நம் கைக்குக் கிட்டியது இவ்வேற்பாட்டினாலேயே.

எத்தனை நுட்பம்?

சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் 3.141592653592 என வரும். உண்மை மதிப்பு 3.141592653589 எனத் தொடர்வது. பதினோராம் தசம இடம் வரை முழுமைப்படுத்தினால் இரண்டும் 3.14159265359 என ஒன்றாகிவிடும். ஆரியபடர் கி.பி. 499-இல் 20,000 விட்டத்திற்கு 62,832 சுற்றளவு என்றார். அது நான்கு தசமங்களுக்குச் சரி. மாதவர் அதனைப் பதினொன்றாக்கினார்.

இதன் நுட்பத்தை மனத்தில் கொள்ள ஒரு வழி கூறுவேன். ஓர் அளவை ஒரு மில்லிமீட்டர் என வைத்துக்கொண்டால், 90,000 கோடி என்பது ஒன்பது லட்சம் கிலோமீட்டர் ஆகும். சந்திரன் நம்மைச் சுற்றும் பாதையின் விட்டமோ ஏழே முக்கால் லட்சம் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே சந்திரனின் பாதையைக் காட்டிலும் பெரியதொரு வட்டத்தை மாதவர் கணக்கிட்டார் எனலாம். அத்துணைப் பெரிய வட்டத்தின் சுற்றளவில் அவர் தவறிய தொலைவு இரண்டே கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. ஓர் அரிசியின் பருமன் அளவு!

நிலுவையை அறிந்த கணக்கு

இதனை எங்ஙனம் கண்டார்? விட்டத்தை நான்கால் பெருக்குக. அதிலிருந்து அதன் மூன்றில் ஒரு பங்கைக் கழிக்க. ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டுக. ஏழில் ஒரு பங்கைக் கழிக்க. இவ்வாறே ஒற்றைப்படை எண்களால் வகுத்துக் கழித்தும் கூட்டியும் சென்றால் சுற்றளவை நெருங்கலாம். இதுவே மாதவர் கண்ட தொடர். ஐரோப்பாவில் கிரெகரியும் லைப்னிட்சும் இத்தகைய தொடரைக் கண்டது 1670-களை ஒட்டித்தான்.

ஆனால் இத்தொடரில் ஓர் இடர் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகளும் யானும் ஒன்றை விட்டமாகக் கொண்டு ஐம்பது உறுப்புகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்தோம். கிடைத்தது 3.1215946. இரண்டாம் தசமமே தவறு! பதினொரு தசமங்கள் சரியாக வரவேண்டுமாயின் ஏறத்தாழ 20,000 கோடி உறுப்புகள் வேண்டும். நொடிக்கு ஒன்றாக எழுதினும் ஆறாயிரம் ஆண்டுகட்கு மேலாகும். மகள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

இவ்விடத்திலேதான் மாதவர் மரபின் பேரறிவு விளங்குகின்றது. முடிவில்லாத கணக்கை நடுவில் நிறுத்தினால் மிச்சம் நிற்கும். அம்மிச்சம் எவ்வளவு என்பதையும் கணக்கிட்டுச் சேர்த்துவிட வேண்டும் என்று அவர்கள் விதி வகுத்தனர். எங்கள் அலுவலகத்தில் மாத இறுதியிலே, முடியாத வரவு செலவுகளை நிலுவை என்று தனியே காட்டிக் கணக்கை முடிக்கின்றோம் அல்லவா? அதே முறை. ஐம்பது உறுப்புகளோடு நின்றால், நிலுவை ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு. அதனைச் சேர்க்க 3.1415946 ஆயிற்று, ஐந்து தசமங்கள் சரி. இதனினும் நுட்பமான விதி ஒன்று உண்டு. ஐம்பதின் வர்க்கம் 2,500. ஒன்று கூட்ட 2,501. நான்கால் பெருக்க 10,004. ஐம்பதின் கனம் 1,25,000; அதன் நான்மடங்கு 5,00,000; ஐம்பதின் ஐந்து மடங்காகிய 250-ஐக் கூட்ட 5,00,250. முன்னதைப் பின்னதால் வகுத்து வருவதே நிலுவை. இதனை ஐம்பது உறுப்புகளின் தொகையோடு சேர்த்தால் பதினொரு தசமங்களும் சரியாகிவிடும். ஆறாயிரம் ஆண்டு வேலை ஒரு பிற்பகல் வேலையாயிற்று!

மிகுந்த இரண்டு

இனி, கணக்கன் என்னும் முறையில் யான் செய்த சோதனை ஒன்றைக் கூறுவேன். கூட்டல் சரிபார்க்க ஒன்பதைத் தள்ளும் வழக்கத்தைப் பழைய கணக்கர் அறிவர். மாதவர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 56. ஒன்பதுகளைத் தள்ளினால் மிச்சம் 2. மூன்றால் வகுபடாது, மூன்றில் முடிவதால் இரண்டாலும் ஐந்தாலும் வகுபடாது. ஆகவே 90,000 கோடியோடு அதற்குப் பொதுக்காரணி யாதுமில்லை. அப்பின்னத்தை மேலும் சுருக்க இயலாது. அந்த மிச்சம் இரண்டைக் கழித்துவிட்டால் கடைசி இலக்கங்கள் 33 என்பது 31 ஆகும். ஒன்பதால் மிச்சமின்றி வகுபட்டு 3,14,15,92,65,359 என வரும். உண்மைச் சுற்றளவுக்கு மிக அண்மையில் உள்ள முழு எண்ணும் 31-இல் முடிவதே. ஆகவே மாதவர் கணக்கு இரண்டு மிகுதியாகவே உள்ளது.

இதனை ஏன் வெளியிடுகின்றேன்? பணியிற் சேர்ந்த புதிதில், ஒரு மாதக் கணக்கில் இரண்டு ரூபாய் மிகுதியாக நின்றது. வேறுபாடு ஒன்பதால் வகுபட்டிருப்பின் இலக்கம் இடமாறியிருக்கும் என்று தேடலாம். இரண்டு ரூபாய்க்கு அவ்வழியும் இல்லை. இரவு எட்டு மணி ஆகிவிட்டது. கடைசிப் படகும் போய்விடும். யான் ஓர் இலக்கத்தைத் திருத்தி மொத்தத்தைப் பொருத்திவிட்டு வீடு சேர்ந்தேன். அடுத்த தணிக்கையில் அது அகப்பட்டது. இரண்டு ரூபாயை மன்னித்தார்கள், திருத்தியதை மன்னிக்கவில்லை. ஓராண்டு ஊதிய உயர்வு நின்றது. அது நியாயமே. இரண்டை இரண்டு என்று காட்டியிருப்பின் அது மிச்சமாக நின்றிருக்கும், மறைத்தமையால் குற்றமாயிற்று.

நம் முன்னோர் அங்ஙனம் மறைத்தாரல்லர். ஆரியபடர் தம் அளவை 'அண்மையானது' என்றே கூறினார். அவர் ஏன் முற்றான அளவைக் கூறாது அண்மையான அளவைக் கூறினார் என்று வினவிய நீலகண்டர், விட்டத்தை மிச்சமின்றி அளக்கும் அளவுகோல் சுற்றளவை அளக்கையில் மிச்சம் வைக்கும் என்றும், எத்துணைத் தூரம் சென்றாலும் மிச்சம் சிறிதாகுமேயன்றி இல்லாமற் போகாது என்றும் விளக்கினார். இவ்வுண்மை ஐரோப்பாவில் லாம்பெர்ட்டால் நிறுவப்பட்டது 1761-இல். ஆகவே 'வட்டக் கணக்கை முற்றக் கண்டு முடித்தார்கள்' என்று மேடையில் முழங்குவது, அது முடியாதது என்று உணர்ந்த அப்பெரியோருக்கே நாம் செய்யும் அவமதிப்பாகும்.

'வேறெவரும் அருகில் வரவில்லை' என்பதும் பொருந்தாது. சீனத்து அறிஞர் ஐந்தாம் நூற்றாண்டிலேயே ஆறு தசமங்கள் வரை கண்டனர். மாதவரின் முதுமைக் காலத்தில், 1424-இல், சமர்கந்தில் இருந்த அல்-காஷி என்பவர் 80 கோடி 53 லட்சத்து 6 ஆயிரத்து 368 பக்கங்களையுடைய பல்கோணத்தைக் கொண்டு பதினாறு தசமங்கள் கண்டார். இலக்கங்களின் எண்ணிக்கையில் அவர் முந்தினார். முடிவில்லாத தொடரும், அதன் நிலுவையை மதிப்பிடும் விதியும் மாதவர் மரபின் தனிச்சிறப்பு. உள்ள பெருமை இதுவே. இதுவே நமக்குப் போதும்.

தமிழர்க்கு உரிய பங்கு

'இது மலையாள நாட்டார் பெருமை. தமிழர்க்கு இதில் என்ன?' என்று சிலர் கேட்கலாம். நம் இல்லங்களிற் பார்க்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சந்திரன் நெருங்கியும் விலகியும் ஓடும் சுற்று ஒன்பது முறை நிறைவேற ஏறத்தாழ 248 நாள்களாகும். அந்நாள்களின் சந்திர நிலையை 248 வாக்கியங்களில் மனப்பாடம் செய்வது பழைய முறை. அவ்வாக்கியங்களையே மேலும் நுட்பமாகத் திருத்தி அமைத்தவர் மாதவர். 1825-இல் புதுச்சேரியில் தமிழர் ஒருவர் தரையிலே சோழிகளைப் பரப்பி, ஏடு எதுவும் பாராமல், மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டு சந்திர கிரகணத்தைக் கணித்ததை ஜான் வாரன் என்னும் அதிகாரி கண்டு எழுதினார். கிரகணத்தின் தொடக்கம் நான்கு நிமிட வேறுபாட்டில் அமைந்தது. முடிவிலோ வேறுபாடு ஐம்பத்திரண்டு நிமிடம். இரண்டையும் சேர்த்தே நினைவிற் கொள்வோம். மலைக்கு இருபுறமும் ஓடியது ஒரே கணக்கு மரபு என்பது இதனால் விளங்கும்.

மறந்திருந்த மாதவர் மரபை உலகிற்கு மீண்டும் காட்டியதிலும் இரு நாட்டார்க்கும் பங்குண்டு. மலபாரில் பணியாற்றிய சார்லஸ் விஷ் 1830-களில் இந்நூல்களைப் பற்றி எழுதினார். நூறாண்டுக் காலம் அதனைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. 1940-களில் சென்னையிலிருந்து சி. டி. ராஜகோபால் இத்தொடர்களைப் பற்றிக் கட்டுரைகள் வெளியிட்டார். 1948-இல் ராமவர்ம மருத் தம்புரானும் அகிலேசுவர ஐயரும் யுக்திபாஷையின் கணிதப் பகுதியை விளக்கத்துடன் திருச்சூரில் பதிப்பித்தனர். செங்கன்னூரிற் பிறந்து சென்னையில் வாழ்ந்த கே. வி. சர்மா (1919–2005) ஏடு ஏடாகத் தேடிப் பதிப்பித்து வாழ்நாளைச் செலவிட்டார். அவர் செய்த யுக்திபாஷை ஆங்கில மொழிபெயர்ப்பு 2008-இல் வெளிவந்தது.

இப்போது என் மகளுக்கு விடை கூறுவேன்: "அம்மா, அவர் சொன்னதில் பாதி உண்மை. நாம் முடித்துவிடவில்லை, எவராலும் முடிக்க இயலாது. ஆனால் முடியாத கணக்கில் மிச்சம் எவ்வளவு என்று சொல்லத் தெரிந்த ஒருவர், இங்கிருந்து ஒன்றரை மணி நேர ரயில் தொலைவில் வாழ்ந்தார்."

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். வரும் கோடை விடுமுறையில் ஒருநாள், நம் குடியிருப்புப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கல்லேற்றுங்கரையில் இறங்குவோம். செலவு பெரிதன்று; பயணச்சீட்டுக் கணக்கை யான் பார்த்துக்கொள்கின்றேன். ஒரு ரூபாய் மிகுந்தாலும் மிகுந்தது என்றே எழுதுவேன்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!